ஜாஸ் கிட்டாருக்குக் கையில் தூக்கிச் செல்லும் ஆம்ப்: எடை எங்கே இருக்கிறது?

சென்ற கோடையில், கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் என்னுடைய பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் பழுதாகி நின்றபோது, அதைச் சரிசெய்வதற்காகப் பிரித்த கையோடு, பாகங்களைத் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துச் சென்று எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்தேன். மொத்தம் 19 கிலோ 200 கிராம் வந்தது. அதில் மரப்பெட்டி 8 கிலோ 200 கிராம், 12 அங்குல ஸ்பீக்கர் 4 கிலோ 100 கிராம், மின்சுற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் 6 கிலோ 900 கிராம். அந்தச் சட்டத்திலிருந்து கழற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்த கடைக்கார அண்ணாச்சி, "இம்மாங் கனம் இருக்கே, இதுலேர்ந்துதான் சத்தம் வருதா சார்?" என்று கேட்டார்.

இல்லை, சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. எடை குறைந்த ஆம்ப் ஒன்றைத் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆம்பின் கனத்தில் எந்தப் பகுதி இசைக்கு வேலை செய்கிறது, எந்தப் பகுதி வெறும் சுமையாக உடன் வருகிறது என்பதைத்தான். ஜாஸ் வாசிப்பவருக்கு இந்தக் கணக்கு மற்ற கிட்டார் கலைஞர்களைவிடச் சாதகமாக அமைந்திருக்கிறது. அது ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நான் காட்பாடியில் குடியிருக்கிறேன். சொந்தக் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிப்பதற்கும், மாலையில் பாகாயம் பக்கம் நண்பர் வீட்டில் மூன்று பேராகச் சேர்ந்து ஜாஸ் பயிற்சி செய்வதற்கும், 1 அல்லது 2 எண் நகரப் பேருந்தில்தான் போய்வருகிறேன். முதுகில் கிட்டார் பை, ஒரு கையில் ஆம்ப், இன்னொரு கையில் பேருந்தின் மேல்கம்பி என்று பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கும், காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கு வாசிக்கப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

முதலில் ஜாஸ் கிட்டாருக்கு ஆம்ப் எதற்கு வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஊதுகருவிகளும் டிரம்ஸும் நிறைந்த பெரிய குழுக்களில் கிட்டாரின் ஒலி மேலே எழவே எழாது. அதனால் கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலும் தாளத்துக்குக் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட்டுக்கொண்டிருந்தார். கிப்சன் நிறுவனம் 1936-இல் ஈஎஸ்-150 என்ற மின் கிட்டாரை வெளியிட்டது. 1939-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன், அந்தக் கிட்டாரையும் அதற்குத் துணையான சிறு ஆம்பையும் வைத்துக்கொண்டு, சாக்ஸபோனுக்குச் சமமாகத் தனி வரிகளை வாசித்துக் காட்டினார். அன்று ஆம்பிடம் எதிர்பார்க்கப்பட்டதுதான் இன்றும் ஜாஸ் வாசிப்பவர் எதிர்பார்ப்பது: உடல் கூடாக இருக்கும் பெட்டி கிட்டாரின் இயல்பான, உருண்டையான, கரகரப்பில்லாத ஒலியைச் சிதைக்காமல் பெரிதாக்கித் தர வேண்டும்.

இந்தக் 'கரகரப்பில்லாத' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ராக் இசைக்கு வால்வு ஆம்பை அதன் எல்லைக்குத் தள்ளும்போது பிறக்கும் கரகரப்பு உயிர்நாடி. அந்தக் கரகரப்பின் தன்மையில் வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் கனத்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் பங்கு உண்டு. ஜாஸ் வாசிப்பவரோ, பெரும்பாலும் அந்த எல்லையை எட்டாமலேயே வாசிக்க விரும்புகிறார். ஆகவே அந்தக் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் எந்தச் சுவைக்காகச் சுமக்கப்படுகிறதோ, அந்தச் சுவையே அவருக்குத் தேவையில்லை. வால்வு ஆம்பில் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும் இதம் ஒன்று உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இருபது வருடம் அதைக் கேட்டு வாசித்தவன்தான். ஆனால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும் அறையில், அந்த இதத்தைவிடக் கம்பியின் கனமும், கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கைப் பிடிக்கும் கோணமும் உண்டாக்கும் வித்தியாசம் பெரிது என்பது என் அனுபவம்.

சுவர் மின்சாரத்தை ஏற்கும் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரும் ஏன் அவ்வளவு கனம்? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடும். இவ்வளவு மெதுவாகத் திசை மாறும் மின்சாரத்தை வேறு வோல்டேஜுக்கு மாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் அதிக ஆற்றலைக் காந்தப்புலமாக ஏந்திக்கொள்ளும் அளவுக்குப் பெரிய இரும்பு உள்ளகம் வேண்டும். கொல்லைக் கிணற்றில் ஒரு மணிக்கு ஐம்பது முறைதான் இறைக்க முடியும் என்றால் வாளி பெரிதாக இருக்க வேண்டும். ஐம்பதாயிரம் முறை இறைக்க முடிந்தால் ஒரு தேக்கரண்டியே போதும். செல்போன் சார்ஜரில் இருக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளை இதைத்தான் செய்கிறது. வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு விநாடிக்குப் பல பத்தாயிரம் முறைக்கு மேல் வெட்டி வெட்டி அனுப்புவதால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இன்றைய எடை குறைந்த ஆம்புகள் பெரும்பாலானவற்றில் இந்த வகைதான் இருக்கிறது.

அதோடு இணைந்து வருவது டி வகுப்பு என்று சொல்லப்படும் பெருக்கி. பழைய டிரான்சிஸ்டர் ஆம்புகளில், உள்ளே போகும் மின்சக்தியில் கணிசமான பகுதி வெப்பமாக வீணாகும். அந்த வெப்பத்தை வெளியேற்றப் பின்புறம் அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். டி வகுப்புப் பெருக்கியில் டிரான்சிஸ்டர்கள் முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோ மட்டுமே இருப்பதால் வெப்பம் மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்குச் சக்தி ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. தகடுகளும் குறைகின்றன, எடையும் குறைகிறது. தொடக்க காலத்தில் இந்த வகையின் ஒலி வறண்டிருக்கிறது என்ற குறை சொல்லப்பட்டதுண்டு. இன்று நல்ல தயாரிப்புகளில் அந்தக் குறையை நான் கேட்கவில்லை.

மூன்றாவது, ஸ்பீக்கரின் காந்தம். கறுப்பு நிறத் தட்டுப் போலப் பின்னால் தெரியும் ஃபெரைட் காந்தத்துக்குப் பதிலாக நியோடிமியம் காந்தம் வைத்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 2 கிலோவில் கிடைக்கிறது. ஃபெரைட்டில் அதே அளவு ஸ்பீக்கர் 4 கிலோவுக்கு அருகில் வரும். இறுதியில் பெட்டி. பைன் மரமும் மெல்லிய பிளைவுட்டும் எம்.டி.எஃப் பலகையைவிட லேசானவை. மழைக்காலத்தில் ஈரம் பட்டு ஊதிப்போகும் தொல்லையும் அவற்றில் குறைவு.

இவை எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபெண்டர் நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவர்ப் நல்ல எடுத்துக்காட்டு. 22 வாட் வால்வு ஆம்பான அதன் எடை 19 கிலோ அளவில் இருக்கும். அதே தோற்றத்தில், அதே 12 அங்குல ஸ்பீக்கரோடு, 2019-இல் வந்த டோன் மாஸ்டர் வடிவம், வால்வுகளின் நடத்தையைக் கணினிச் சில்லில் கணக்கிட்டு, டி வகுப்புப் பெருக்கியாலும் நியோடிமியம் ஸ்பீக்கராலும் ஒலிப்பது. அதன் எடை 10.4 கிலோ. ஜாஸ் பெயரையே தாங்கி 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 வால்வே இல்லாதது என்றாலும், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் பெரிய பெட்டியும் சேர்ந்து 28 கிலோ. வால்வு இல்லை என்பதாலேயே ஓர் ஆம்ப் லேசாகிவிடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

வாட் என்ற எண்ணைப் பற்றி

கடையில் புதிதாக ஆம்ப் வாங்க நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்?" என்பதாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்கக் கொஞ்சம் பொறுமையாக ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஒலியின் அளவை டெசிபெல்லில் அளக்கிறோம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவில்தான் தெரியும். ஒலி இரு மடங்காகிவிட்டது என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆக, 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் விலைப்பட்டியலில் தெரிகிற அளவுக்கு மேடையில் தெரிவதில்லை.

இதைவிட முக்கியமானது ஸ்பீக்கரின் திறன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் வரும் என்ற எண் குறிக்கப்பட்டிருக்கும். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு அது 97 முதல் 100 வரை இருக்கும். சிறு பெட்டியில் அடைக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 90-ஐ ஒட்டி இருக்கலாம். இப்போது பாருங்கள். 100 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுத்தால் 110 டெசிபெல் கிடைக்கிறது. 90 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து அதே 110-ஐப் பெற 100 வாட் வேண்டும். சிறிய ஆம்புகளின் மேல் '100 வாட்', '120 வாட்' என்று பெரிய எண்கள் எழுதப்பட்டிருப்பதன் காரணம் இதுதான்: ஸ்பீக்கரில் இழந்ததை அவை வாட்டில் ஈடுகட்டுகின்றன. டி வகுப்பில் வாட்டுக்கு எடை கிடையாது என்பதால் இது நியாயமான பரிமாற்றமே. ஆனால் பழைய 20 வாட் வால்வு ஆம்பையும் புதிய 50 வாட் சிறு ஆம்பையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஜாஸுக்கு வாட் கொஞ்சம் தாராளமாகவே வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிக் கம்பியைத் தொடும் அந்த ஒரு கணத்தில் எழும் ஒலி, அதற்குப் பின் நீடிக்கும் ஒலியைவிடப் பல டெசிபெல் உயர்ந்திருக்கும். சராசரியாக 5 வாட்டில் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், தொடும் கணம் 10 டெசிபெல் உயர்கிறது என்றால், அந்தக் கணத்துக்கு 50 வாட் வேண்டும். அந்த இருப்பு இல்லாத ஆம்பில் ஒவ்வொரு சுரத்தின் தலையும் நசுங்கி, ஒலி கரகரக்கும். பேஸும், பிரஷால் மெல்ல வாசிக்கும் டிரம்ஸும் சேர்ந்த மூவர் குழுவுக்கு 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரோடு 50 வாட்டுக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது என்று என்னிடம் கற்க வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான். டிரம்ஸ் வாசிப்பவர் பிரஷை வைத்துவிட்டுக் குச்சியைக் கையில் எடுத்தால் கணக்கு மாறும்.

சிறு பெட்டிக்குள் அடங்காதது

எடையைக் குறைக்கும் வழிகள் எத்தனை வந்தாலும் காற்றை ஏமாற்ற முடியாது. கிட்டாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் எழுப்பும் சுரம் ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். இந்த ஆழத்தில் அறை நிறைய ஒலிக்க வேண்டுமானால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சிறிய கூம்பு அதற்கு முன்னும் பின்னும் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. ஆறரை அங்குல ஆம்புகளில் கீழ்ச்சுரங்களை மின்சுற்றிலேயே தூக்கிக் கொடுத்து, ஒலி கூடும்போது லிமிட்டர் ஒன்று வந்து அடக்கும்படி அமைத்திருப்பார்கள். வீட்டில் கேட்கும்போது வியப்பாக, பெரிய ஆம்ப் போலவே இருக்கும். மேடையில் ஒலியைக் கூட்டக் கூட்டக் கீழ்ச்சுரம் பின்வாங்கி, நடுச்சுரம் மட்டும் முன்னால் வந்து நிற்கும். கடையில் பிடித்துப்போன ஆம்ப் மண்டபத்தில் வேறு ஆளாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

பேஸ் வாசிப்பவர் உடன் இருக்கும்போது இது பெரிய குறை இல்லை; கீழே அவர் பார்த்துக்கொள்வார், நம் நடுச்சுரம் தெளிவாகக் கேட்டால் போதும். தனியாகவோ, பாடகர் ஒருவரோடு மட்டுமோ, பேஸ் வரியையும் கார்டையும் சேர்த்து வாசிப்பவருக்கு இது பெரிய குறை. நான் பல ஆண்டு மாற்றி மாற்றிப் பார்த்து வந்து சேர்ந்த இடம் 10 அங்குலம். 12-இன் நிறைவு அதில் முழுதாக இல்லை என்றாலும், பேருந்துப் படிக்கட்டில் இடிக்காத பெட்டிக்குள் அது அடங்குகிறது.

உடல் கூடான பெட்டி கிட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கீழ்ச்சுரம் அதிகமாவதே தொல்லையாக முடியும். சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபம். தரை முழுக்க டைல்ஸ், பக்கச் சுவரும் வழவழப்பான கல். ஆம்பைத் தரையில், மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தடித்த கம்பியின் ஐந்தாம் கட்டையில் (ஃப்ரெட்டில்) 'ஏ' சுரத்தைத் தொட்டதும், கையை எடுத்த பிறகும் அது நிற்காமல், வயிற்றில் அதிரும் ஊளையாக வளர்ந்துகொண்டே போனது. பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சுரம் 110 ஹெர்ட்ஸ். பெட்டி கிட்டாரின் உடலும் உள்ளே இருக்கும் காற்றும் இயல்பாகவே அதிரும் இடம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. ஆம்பிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் உடலை அதிரவைக்க, அந்த அதிர்வை, கம்பியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் மறுபடி ஆம்புக்கு அனுப்ப, வட்டம் மூடிக்கொள்கிறது. தரையும் மூலையும் கீழ்ச்சுரங்களைத் தாமாகவே பல டெசிபெல் உயர்த்திக் கொடுத்ததுதான் அன்று வினையானது. ஆம்பைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் வைத்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தி, பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கியதும் ஊளை நின்றது. நாற்காலியில் வைத்ததால் ஸ்பீக்கர் என் முழங்காலுக்குப் பதிலாகக் காதைப் பார்த்தது. முன்பைவிடக் குறைந்த ஒலியிலேயே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆகவே பெட்டி கிட்டார் வைத்திருப்பவர் ஆம்பைப் பார்க்கும்போது, குறிப்பிட்ட ஒரு சுரத்தை மட்டும் வெட்டும் நாட்ச் குமிழோ, அலையின் திசையைத் திருப்பும் ஃபேஸ் பொத்தானோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நடுச்சுரத்துக்குத் தனிக் குமிழ் இருப்பதும் அவசியம். ஃபெண்டர் வகை ஆம்புகளின் டோன் சுற்று, எல்லாக் குமிழும் நடுவில் இருக்கும்போதே நடுச்சுரத்தைக் குழிவாக்கிவிடும் இயல்புடையது; ஜாஸுக்கு அதில் நடுச்சுரத்துக்கான 'மிட்' குமிழை நிறையத் திறந்து, பேஸையும் ட்ரெபிளையும் குறைத்து வைப்பதிலிருந்து தொடங்கலாம்.

எந்த வகை யாருக்கு

சந்தையில் இருப்பவை ஏராளம். எல்லாவற்றையும் சொல்ல முடியாது, தேவையும் இல்லை. ஜாஸுக்கென்றே செய்யப்படும் சிறு ஆம்புகள் ஒரு வகை. 1970-களில் பாலிடோன் என்ற நிறுவனத்தின் மினி-ப்ரூட் ஆம்புகள் இந்த வகைக்கு வழிகாட்டின. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டாமி குமினா அக்கார்டியன் கலைஞர், அவருடைய ஆம்புகளில் வாசித்தவர்களில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸும் ஒருவர். இன்று அந்த இடத்தில் ஹென்ரிக்சன், டிவி மார்க் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஹென்ரிக்சனின் 'பட்' ஆறரை அங்குல ஸ்பீக்கரோடு 120 வாட், 8 கிலோவுக்கும் குறைவு. டிவி மார்க்கின் 'லிட்டில் ஜாஸ்' 45 வாட், 7 கிலோவை ஒட்டிய எடை. இவை நம் ஊர்க் கடைகளில் அலமாரியில் காத்திருப்பவை அல்ல. வரவழைக்க வேண்டியிருக்கும், பழுதானால் பாகத்துக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை, அக்கூஸ்டிக் கிட்டாருக்கான ஆம்புகள். ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60, 8 அங்குல ஸ்பீக்கரும் 60 வாட்டும் கொண்டு ஆறரை கிலோதான், விலை அதிகம். இந்த வகையில் உயர்சுரங்களைத் தனியாக எழுப்பும் ட்வீட்டர் இருக்கும், அல்லது ஸ்பீக்கரே உயர்சுரம் வரை எட்டும். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடுவதால்தான் மின் கிட்டாரின் ஒலி காதுக்கு இதமாக இருக்கிறது. அந்தச் சரிவு இல்லாத ஆம்பில் விரல் உரசும் ஒலியும் பிக்கின் 'டிக்' ஒலியும் துருத்திக்கொண்டு கேட்கும். ட்வீட்டரை அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிட்டாரின் டோன் குமிழைக் குறையுங்கள்.

மூன்றாவதாக நான் சொல்ல விரும்புவது பலர் நினைத்துப் பார்க்காதது: சிறிய பேஸ் ஆம்ப். 10 அங்குல ஸ்பீக்கரும் மூடிய பெட்டியும் கொண்ட லேசான பேஸ் காம்போக்கள் (பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பவை) கரகரப்பில்லாத ஒலிக்காகவே செய்யப்படுபவை. அவற்றில் ரிவர்ப் எனும் எதிரொலி வசதி இருக்காது. அதற்கு ஒரு சிறு பெடல் போதும். இந்த வகை நம் பக்கத்து இசைக்கருவிக் கடைகளிலும், பழைய பொருளாகக் குழுக்களிடமும் எளிதாகக் கிடைக்கிறது. கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை.

பெருக்கி மட்டும் உள்ள தலையையும் ஸ்பீக்கர் பெட்டியையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. குவில்டர் 101 மினி போன்ற சிறு தலைகள் ஒரு கிலோ அளவில், கிட்டார் பையின் பாக்கெட்டிலேயே அடங்கிவிடுகின்றன. போகும் இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அதில் செருகிக்கொள்ளலாம். ஓம் எண்ணை மட்டும் பார்த்துச் செருக வேண்டும். தலையின் பின்புறம் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ, அதற்குக் கீழான பெட்டியைச் செருகக் கூடாது. வாரம் தவறாமல் ஒரே இரண்டு இடங்களில் வாசிப்பவர், பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தலையை மட்டும் எடுத்துப் போய்வரலாம்.

ஆம்பே வேண்டாம், தேவாலயத்தின் மிக்ஸரில் நேராகச் செருகிக்கொள்கிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டாரின் பிக்கப் மிக நுட்பமான, வலுவற்ற சமிக்ஞையைத் தருவது. அதை ஏற்கும் நுழைவாயில் 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை கொண்டிருந்தால்தான் உயர்சுரங்கள் குன்றாமல் வரும். மிக்ஸரின் சாதாரண லைன் நுழைவாயில் 10,000 ஓமை ஒட்டியே இருப்பதால், நேராகச் செருகினால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். நடுவில் ஒரு ப்ரீஆம்ப் பெடலோ, கிட்டாரின் சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸோ வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரின் இயல்பைப் போலி செய்யும் வசதியும் அந்தப் பெடலில் இருந்தால் ஒலி இன்னும் மேம்படும். எல்லாம் சேர்ந்து அரை கிலோதான். மானிட்டர் ஸ்பீக்கரில் என் ஒலியை எவ்வளவு கொடுப்பது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார் என்பதால், நான் இதை இரண்டாம் வழியாகவே வைத்திருக்கிறேன்.

மின்சாரம்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஆம்ப் வாங்கிவரச் சொல்வது நம்மிடம் வழக்கம். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். என் அத்தை மகன் ஆசையோடு சுமந்துவந்த ஓர் ஆம்பை, லேபிளைப் பார்க்காமல் கூடத்துச் சுவரில் செருகிய அடுத்த விநாடி, பின்புறத்திலிருந்து மெல்லிய வெண்புகை எழுந்தது. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. பின்புற லேபிளில் '100-240 வோல்ட்' என்று இருந்தால் கவலை இல்லை. '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் அதற்கு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது ஆம்பின் எடையில் பாதியைத் தானே பிடித்துக்கொள்ளும், லேசான ஆம்ப் வாங்கியதன் பயன் போய்விடும். 100 முதல் 240 வரை ஏற்கும் பவர் சப்ளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மண்டபத்து ஜெனரேட்டரில் வோல்டேஜ் இறங்கினாலும் அது தடுமாறுவதில்லை.

எர்த் இணைப்பை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் மாட்டிச் செருகும் பழக்கம் நம் மேடைகளில் சர்வசாதாரணம். கிட்டாரின் கம்பி ஆம்பின் எர்த்தோடு இணைந்திருப்பது. எர்த் அறுந்த நிலையில் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். ஆம்ப் பையில் என்னோடு எப்போதும் ஐந்து மீட்டர் மூன்று முள் எக்ஸ்டென்ஷன் ஒன்று வருகிறது. அதன் 600 கிராமை நான் எடைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் ஆம்பை விட்டுவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுளை வெப்பம் விரைவாகக் குறைக்கும். கோட்டை மைதானம் போன்ற திறந்தவெளியில் வாசிக்க நேர்ந்தால் பேட்டரி ஆம்ப் உதவும். ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் எட்டு பென்சில் பேட்டரியில் 50 வாட் வரை தருகிறது, எடை ஏழரை கிலோவை ஒட்டி.

வாங்கும் நாளில் உங்கள் சொந்தக் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். கடையில் தொங்கும் கிட்டாரில் ஆம்பைப் பற்றி எதுவும் தெரியாது. ரிவர்பை முழுவதும் அணைத்துவிட்டு, நீங்கள் மேடையில் வாசிக்கும் ஒலி அளவுக்கே கூட்டி, தடித்த இரண்டு கம்பிகளில் கட்டை கட்டையாக ஏறிப் பாருங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் வீங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிட்டாரை உடன் வந்தவரிடம் கொடுத்து, ஐந்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். எல்லாம் பிடித்திருந்தால், பணம் கொடுப்பதற்கு முன், கிட்டார் பையை முதுகில் மாட்டி, ஆம்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்குங்கள். இறங்கியதும் உட்கார்ந்து, இளைப்பாறாமல் முதலாம் கட்டையில், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் 'எஃப்' பாரே கார்டைப் பிடித்துப் பாருங்கள். 19 கிலோவைத் தூக்கி வந்த நாட்களில் முதல் பாட்டு முடியும்வரை என் இடது கை அந்தக் கார்டில் நடுங்கும். இப்போது வைத்திருக்கும் 9 கிலோவில் நடுங்குவதில்லை.